முப்பத்தொன்றாம் எண்ணின் உள்ளங்கை

என் உள்ளங்கையைச் சவர பிளேடால் சீவித் திருத்திவிட்டுத்தான் அந்த ஆராய்ச்சிக் குழுவின் முன் நீட்டினேன்.

இதோ, சொல்லிவிட்டேன். எட்டு ஆண்டுகளாகத் தொண்டையில் மீன் முள்ளைப் போலக் குறுக்கே நின்ற வாக்கியம்... எழுதிப் பார்த்தால் ஒன்றரை வரிகூட இல்லை!

சிரிக்கிறீர்கள், தெரியும். ஐம்பத்து நான்கு வயது ஆள். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். யார் ஓய்வு பெற்றாலும் பிரிவுபசார விழாவில் சிரிக்கவைக்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். கால் நூற்றாண்டாக மரபியல் பாடம் நடத்துகிறவர். அப்பேர்ப்பட்டவர் கையைச் சீவினாராம்! சிரியுங்கள். நானும் பல நாள் சிரித்திருக்கிறேன். சிரித்தால் அது சின்னதாகிவிடும் என்று நம்பினேன். ஆகவில்லை.

என் உள்ளங்கைகளில் ஆணிகள் உண்டு. கால் ஆணி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதேதான். மிளகளவிலும் கடுகளவிலும் கை முழுக்க இறைத்துவிட்டதுபோல. பிறக்கும்போது இராது. இருபத்தைந்து, முப்பது வயதுக்குமேல் ஒவ்வொன்றாக முளைக்கும். அப்பாவுக்கு இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் இருந்ததாம். உயிருக்கு ஒன்றும் ஆகாது. தொற்றாது. சாக்பீஸ் பிடிக்கிற கையில் அடங்கிக் கிடக்கும். பாடுபடுகிற கையிலோ பெருத்து, வெடித்து, இரத்தம் கசியும்.

வெறும் தோல் விவகாரம், இதற்குப் போய் ஒளிவு மறைவு எதற்கு என்கிறீர்களா? எங்கள் ஊரான நாசரேத் பக்கத்து மிஷன் படிப்புக் குடும்பங்களோடு பழகாதவர்தான் அப்படிக் கேட்பார்.

எங்கள் குடும்பத்துக்கு அச்சிட்ட வரலாற்றுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. கெட்டி அட்டை, உள்ளே வம்ச மரம். ஞானஸ்நானம் பெற்ற முதல் மூதாதையில் தொடங்கும். பிறகு உபதேசியார், தலைமையாசிரியர், மறுபடி தலைமையாசிரியர், கடைசியில் பேராசிரியராகிய நான். அந்த முதல் மூதாதை ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள்வரை என்ன வேலை செய்தார் என்று மட்டும் அதில் இராது. பனை ஏறினார். எழுதினால் தாள் கிழிந்துவிடுமா என்ன? அவருக்கு ஒரு தம்பியும் இருந்தார். வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வராதவர்; சாகும்வரை மரம் ஏறியவர். அவருக்கும் அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

காய்த்த கை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: மரம் ஏறிய கை. நான்கு தலைமுறையாக நாங்கள் பனையைத் தொட்டதில்லை. எங்கள் கை மட்டும் நேற்றுத்தான் இறங்கி வந்ததுபோல இருந்தது!

அப்பா சனிக்கிழமைதோறும் நுரைக்கல்லால் கையைத் தேய்த்து விளக்கெண்ணெய் தடவுவார். எவர் கை நீட்டினாலும் குலுக்க மாட்டார். இரண்டு கையையும் கூப்பி மார்போடு ஒட்டிக்கொள்வார். "தலைமையாசிரியருக்கு என்ன பணிவு!" என்று ஊரே மெச்சியது. அவருடைய அடக்க ஆராதனையில் போதகர் அந்தப் பணிவைப் பற்றித்தான் பத்து நிமிடம் பேசினார். நான் முன்வரிசையில், என் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அழுதேன்.

இந்த லட்சணத்தில்தான் டாக்டர் சுமதி வந்து சேர்ந்தார்.

வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றைச் சேர்ந்தவர். முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னுத்தாய் என்ற பெண், வெடித்த கையோடு தோல் மருத்துவரிடம் போயிருக்கிறாள். அவள் வீட்டில் அப்பா, அண்ணன், அத்தை, அத்தை மகன் என்று பலருக்கும் அதே கை. செய்தி டாக்டர் சுமதியை எட்டியது. இந்தக் கையை உண்டாக்கும் மரபணு எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இப்படியொரு பெரிய குடும்பம்தான் வேண்டும். உள்ளூரில் உறவுமுறை விசாரித்து வம்ச மரம் வரைய ஓர் ஆள் தேவைப்பட்டது. கல்லூரி என்னைக் கை காட்டியது.

முதல் சந்திப்பிலேயே காரியத்தைக் கெடுத்தேன். பொன்னுத்தாயின் பூர்வீகம் நாசரேத் பக்கம் என்றார்கள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் தகப்பனார் பெயரைச் சொன்னார்கள். கேட்டதும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. அது எங்கள் புத்தகத்தில் இல்லாத அந்தத் தம்பியின் பெயர்!

"மேடம், இது எங்க குடும்பத்திலிருந்து பிரிஞ்ச கிளை!" என்றேன். விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஓர் அவசரம் உண்டு.

டாக்டர் சுமதியின் கண்கள் விரிந்தன. "அப்போ உங்க பக்கமும் இது இருக்கா, சார்?"

"இல்ல மேடம். எங்க பக்கம் நாலு தலைமுறையா வாத்தியார்கள்."

வாத்தியார் வேலை என்னவோ ஒரு தடுப்பூசி என்பதுபோல! சொல்லும்போதே மேசைக்கு அடியில் என் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"அப்படின்னா இன்னும் நல்லது," என்றார் அவர். "இல்லாதவங்க ரத்தமும் எங்களுக்கு வேணும். நீங்களும் உங்க பங்காளிங்க ரெண்டு பேரும் குடுங்க. பேர் எங்கேயும் வராது. எண் மட்டும்தான்."

ஏன் இல்லாதவர்களின் இரத்தம்? வகுப்பில் நான் சொல்லும் உதாரணத்தையே சொல்கிறேன். திரேஸ்புரத்து மீனவர் ஒருவர் கருவி எதுவும் இல்லாமல் நடுக்கடலில் ஒரு முத்துப் பாரை, அதாவது சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டை, எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பார்? கடலில் பெயர்ப்பலகை கிடையாது. கரையைப் பார்ப்பார். மாதா கோவில் கோபுரமும் அதன் பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராக வரவேண்டும். இன்னொரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் துறைமுக விளக்கும் ஒரே நேராக வரவேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் குதித்தால், காலடியில் அந்தப் பார்.

குரோமோசோமும் அப்படியொரு நீளக் கடற்கரைதான். மனிதருக்கு இருபத்து மூன்று ஜோடி. தேடுகிற மரபணு கண்ணுக்குத் தெரியாது. வழி நெடுக அடையாளங்கள் மட்டும் தெரியும். ஆளுக்கு ஆள் சற்றே வேறுபடும் அடையாளங்கள். ஒரு குடும்பத்தில் நோயுள்ள எல்லோரிடமும் ஒரே மாதிரியான ஒரு துண்டு இருந்து, நோயில்லாதவர்களிடம் அது இல்லாமலும் இருந்தால், மரபணு அந்தத் துண்டுக்குள்தான் இருக்கிறது. ஆகவே இல்லாதவனின் சாட்சியும் இருக்கிறவனின் சாட்சிக்குச் சமம். கரையில் நிற்கும் கோபுரத்தை யாருக்கும் தெரியாமல் ஒருவன் நகர்த்தி வைத்துவிட்டால், படகு எந்தக் கடலுக்குப் போகும்?

இதை எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவன்!

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையிலிருந்து வந்து குளியலறையில் உட்கார்ந்தேன். வெந்நீர், நுரைக்கல், புது பிளேடு. மறுநாள் முள்ளக்காட்டில் எல்லோருடைய கையையும் தோல் மருத்துவர் பார்க்கப் போகிறார். என் மனைவி பியூலா கதவருகே வந்து நின்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதற்குமேல் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன, விளமீனுக்குச் செதில் உரசுதியளா?"

"நாளைக்கு டாக்டர் பாக்காவ."

"டாக்டர் பாக்கத்தான் போறாவ... அதுக்கு யாராவது கையச் சீவிக்கிட்டுப் போவாவளா? பல்லு டாக்டர்ட்ட போறதுக்கு முந்தி பல்லப் பிடுங்கிக்கிட்டா போறிய?"

நான் அடுத்த ஆணியில் பிளேடை வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பிளேட கண்ட இடத்துல போடாதிய" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவள் இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால்... பாருங்கள், இப்போதும் பழியைப் போட ஓர் ஆள் தேடுகிறேன்!

மறுநாள் பொன்னுத்தாய் வீட்டு முற்றத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். பொன்னுத்தாயின் கையை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். என் கைதான் அது. என் கையை இருபத்தைந்து வருடம் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, உப்பு வாரும் பலகையைப் பிடிக்கவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஆணிகளைச் சுற்றித் தோல் பாளம்பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள் உப்பு.

"எரியுமாம்மா?" என்று கேட்டார் டாக்டர் சுமதி.

"பாத்தியில எறங்குன முத அரமணிக்கூறு எரியும்மா. அப்புறம் கை நம்ம கை மாரியே இருக்காது. அதனால ஒண்ணும் தெரியாது."

என் முறை வந்தது. நீட்டினேன். சிவந்து, தோல் உரிந்த கை; நடுவில் மூன்று வெட்டுக் காயங்கள். தோல் மருத்துவர் இளைஞர், வடக்கே எங்கோ படித்தவர். "என்ன சார் இது, இவ்வளவு காயம்?"

"நுங்கு சீவும்போது வெட்டிக்கிட்டேன்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் 'இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

பொன்னுத்தாய் சிரித்தாளா? ஞாபகமில்லை. எங்களுக்குக் கடுங்காப்பி கொண்டுவந்தாள். கண்ணாடித் தம்ளரை விளிம்பில் விரல் நுனியால் பிடித்து வாங்கினேன்.

அன்று மாலையே அந்த முற்றத்தில் உட்கார்ந்து வம்ச மரத்தை வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயிருந்தால் உள்ளே கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. அந்த இரண்டு சகோதரர்களையும் உச்சியில் வைத்து, நூறு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரே காகிதத்தில் சேர்த்தேன். என் எண் முப்பத்தொன்று. ஒரு சதுரத்தை வெள்ளையாக விடுவதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். அதுதான் அதிலுள்ள வசதி.

பொன்னுத்தாய் எட்டிப் பார்த்து, என் சதுரத்திலிருந்து தன் வட்டம்வரை கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "அப்போ நீங்க எனக்கு அண்ணன் முறைல்லா?"

"முறைன்னு பாத்தா... ஆமா."

அன்றிலிருந்து அவளுக்கு நான் அண்ணாச்சி. 'சார்' என்றே கூப்பிட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆம், அதையும் எழுதத்தான் வேண்டும்... தோன்றியது!

இனி வருவதுதான் என்னால் தமாஷாகச் சொல்ல முடியாதது.

பொன்னுத்தாய்க்கு ஒரே மகள், முத்துச்செல்வி. அப்போது இருபத்திரண்டு வயது. கை பளிங்குபோல இருந்தது. ஆனால் அந்த வயதில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த மாசியில் ஆறுமுகநேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். இவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடித்துத் தட்டு மாற்றும்போது, பையனின் அம்மா பொன்னுத்தாயின் கையைப் பார்த்துவிட்டாள். தட்டை வாங்கவில்லை.

தொழுநோயா என்று கேட்டார்கள். இல்லை என்று மருத்துவர் தாள் எழுதிக் கொடுத்தார். சரி, பெண்ணுக்கு வருமா, பேரப்பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. டாக்டர் சுமதி சொன்னார்: "இடம் தெரிஞ்சுட்டா செல்வி ரத்தத்துல அந்த இடத்தைப் பார்த்து உறுதியா சொல்லிடலாம். ஆறு மாசம் பொறுங்க."

ஆறு மாதம் பொறுப்பதாகப் பையன் வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். பையன்தான் பிடிவாதம் பிடித்தானாம். இந்தச் செய்தியைச் சொல்ல பொன்னுத்தாய் கல்லூரி வாசல்வரை வந்தாள். "அண்ணாச்சி, எப்பிடியாது அந்த எடத்தக் கண்டுபிடிச்சிரச் சொல்லுங்க" என்றாள். காவலாளி பார்க்கிறானே என்று நான் அவளைச் சீக்கிரம் அனுப்பிவைத்தேன்.

ஐந்தாவது மாதம் டாக்டர் சுமதியின் தொலைபேசி வந்தது.

"சார், எல்லாம் பதினஞ்சாவது குரோமோசோம்ல ஒரே இடத்துல வந்து விழுது! ஒரே ஒருத்தர்தான் இடிக்கிறார். எண் முப்பத்தொண்ணு."

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன்.

"உங்க பக்கத்து மூணு பேர்ல ஒருத்தர். பேர்ப் பட்டியல் உங்ககிட்டதானே இருக்கு, எனக்கு யார்னு தெரியாது. மத்த ரெண்டு பேர்கிட்ட அந்தத் துண்டு இல்ல. இவர்கிட்ட இருக்கு, ஆனா கை சுத்தம்னு குறிச்சிருக்கோம். அவர் கை சுத்தம்னா, மரபணு அந்த இடத்துல இல்லேன்னு ஆயிடும். நேர்ல போய் மறுபடி ஒருமுறை பார்த்துட்டு வர முடியுமா? லேசா ஒண்ணு ரெண்டு இருந்தாக்கூடப் போதும்." பிறகு ஆசையோடு சொன்னார்: "அவருக்கு மட்டும் இருந்துச்சுன்னா, சார், அவர் நமக்குப் பொக்கிஷம். தூரத்துக் கிளை இல்லையா? பொதுவா இருக்கிற துண்டு ரொம்பச் சின்னது. இடம் அப்படியே குறுகிடும்."

கவனித்தீர்களா? எனக்கு இரண்டாம் வாய்ப்புத் தரப்பட்டது. எல்லோருக்கும் கிடைக்காத ஒன்று! உண்மையைச் சொன்னால் அவமானம்கூட இல்லை... பொக்கிஷம் என்ற பட்டம்.

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். என் வீட்டிலிருந்து என் வீட்டுக்குப் போய்வர ஒரு வாரம்!

அந்த வாரம் முழுக்க அந்த நபரைப் பார்த்தேன். பல் துலக்கும்போது பார்த்தேன். சோறு பிசையும்போது பார்த்தேன். கரும்பலகையில் குரோமோசோம் படம் வரையும்போது, சாக்பீஸ் தூளுக்கு அடியில் பார்த்தேன். ஏழாம் நாள் எண்ணினேன். வலது கையில் மட்டும் நாற்பத்திரண்டு.

பிறகு தொலைபேசியை எடுத்தேன். "போய்ப் பார்த்தேன் மேடம். சுத்தமா இருக்கு. கொஞ்சம் கோபக்காரர்... இனிமே தொந்தரவு பண்ண வேண்டாம்னு சொல்லிட்டார்."

ஏன்? ஏன் அப்படிச் சொன்னேன்? இந்தக் கேள்வியோடு எட்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பெயர் வெளியே வராது. எண்தான். ஓர் எண்ணுக்காக மானம் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்! முதலில் சொன்ன பொய் அம்பலமாகுமே என்ற பயமா? அதுவும்தான். ஆனால் அதற்கும் கீழே ஒன்று கிடந்தது. அந்தச் சதுரம் கறுப்பானால், உப்பளத்துப் பொன்னுத்தாய்க்கும் எனக்கும் நடுவில் நூறு வருடமாகக் கட்டிய சுவர் எதுவுமே இல்லை என்று ஆகிவிடும். உபதேசியார், தலைமையாசிரியர், பேராசிரியர்... அத்தனை பேரும் ஒரே மரத்திலிருந்து இறங்கி, ஒரே கையோடு நிற்போம்.

அதில் என்ன குறைச்சல் என்கிறீர்கள். நானும் மேடையில் அப்படித்தான் பேசுவேன். சமத்துவம் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன்... இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு!

குழு அந்த இடத்தைக் கைவிட்டது. வேறு குரோமோசோம்களில் தேடியது. எங்கும் ஒன்றும் சரியாக விழவில்லை. மறு மாசியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எனக்கு வந்தது. முள்ளக்காட்டு முற்றத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னவனும் நான்தான். இந்தக் குடும்பத்தில் மரபணுவின் இடத்தை உறுதிசெய்ய முடியவில்லை. ஓர் இடம் கிட்டத்தட்டப் பொருந்தி வந்தது. ஒரு நபரால் அதை விலக்க நேர்ந்தது. வருந்துகிறோம்.

பொன்னுத்தாய் எதுவும் கேட்கவில்லை. முத்துச்செல்விதான் கேட்டாள். "ஒரு ஆளாலன்னு எழுதியிருக்காவளே... அது யாரு மாமா?"

"பேரச் சொல்லக்கூடாதும்மா," என்றேன். "அது ஆராய்ச்சி ஒழுக்கம்."

ஒழுக்கம்! அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். என் வாய் கோணவில்லை.

"அவுக மேல என்ன தப்பு, பாவம்," என்றாள் அந்தப் பெண்.

ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள் ஒரு வருடமே பொறுத்திருந்தார்கள். அதற்குமேல் பையன் வீட்டார் பொறுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்த வைகாசியிலேயே அவனுக்கு வேறு இடத்தில் திருமணம் ஆனது. அதற்குப் பின் வந்த இரண்டு இடங்களும் பொன்னுத்தாயின் கையைப் பார்த்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயின. பதில்தான் எங்களிடம் இல்லையே.

இல்லையா? பதில் பதினைந்தாவது குரோமோசோமில் இருந்தது. சென்ற மாதம் வகுப்புக்காகப் புதுப் பாடப்புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். வேறு தேசங்களில், வேறு குடும்பங்களில் இதே கையின் மரபணுவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இடம் போட்டிருந்தது. டாக்டர் சுமதி தொலைபேசியில் ஆசையோடு சொன்ன அதே இடம்! எண் முப்பத்தொன்று வழி மறித்து நின்ற அதே இடம்.

டாக்டர் சுமதிக்கு எழுதினேன். எல்லாவற்றையும், பிளேடு உட்பட. மறுநாளே பதில் வந்தது. செல்வியின் இரத்தம் இன்னும் பாதுகாப்பாக இருக்கிறது, விரும்பினால் இப்போதும் சோதித்துச் சொல்லலாம் என்று எழுதியிருந்தார். கடைசியில் தனியாக ஒரு வரி: "உங்களைத்தானே சார், போய்ப் பார்த்துட்டு வரச் சொன்னேன்?"

அதன் பிறகுதான் முள்ளக்காட்டுக்குப் போனேன். காலை எட்டு மணி. பாத்திகளில் உப்பு பூத்து, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. பொன்னுத்தாய் காலுறைக்கு மேல் கிழிந்த ரப்பர் செருப்பு மாட்டி, பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இங்கன வந்திருக்கீய? வீட்டுல மதினி சொகமா இருக்காவளா?"

வரப்பில் நின்று சொன்னேன். எவ்வளவோ தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அந்த முப்பத்தொன்று நான்தான். எனக்கும் அந்தக் கை இருக்கிறது. மறைத்தேன். கேட்டபோது மறுபடியும் மறைத்தேன். இரண்டு கையையும் விரித்து அவள்முன் நீட்டினேன். இந்த எட்டு வருடத்தில் சீவுவதை நிறுத்தியிருந்தேன், ஆணிகள் நன்றாகவே விளைந்திருந்தன.

அவள் வாருவதை நிறுத்தவில்லை. பாத்தியின் மறுகோடிவரை போய்த் திரும்பி வந்தாள். அதுவரை நான் கை நீட்டியபடியே நின்றேன்.

"செல்விக்கு இப்பவும் பாக்கலாமாம்," என்றேன். "டாக்டரம்மா சொல்லுதாவ. இல்லேன்னு வந்தா..."

"அவளுக்கு முப்பது வயசாச்சு," என்றாள் பொன்னுத்தாய். "எறால் கம்பெனியில ஐசுக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கா. தெனமும் வேலைக்குப் போறதுக்கு முந்தி ரெண்டு கையையும் வெளிச்சத்துல விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிடுதா. எட்டு வருசமா பாக்கா. ஒண்ணும் இல்ல. இன்னும் மொளைக்குமோன்னு பாக்கா..." பலகையை ஊன்றி நின்றாள். "கேட்டுச் சொல்லுதேன். அவ கைதான. அவதான் சொல்லணும்."

"என்னை ரெண்டு வார்த்தை திட்டிரு, பொன்னுத்தாய்."

"திட்டுனா? அவன் ஆறுமுகநேரிலேருந்து திரும்பி வாரானா?"

உப்புக் காற்று அடித்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சீவாத கையை நான் யார் முன்னும் இப்படி நீட்டி நின்றதில்லை.

"எனக்குத் தெரியும்லா," என்றாள் திடீரென்று.

"எது?"

"ஒங்க கை. அன்னைக்கே தெரியும்."

நீட்டிய கையை நானே ஒருமுறை குனிந்து பார்த்தேன்.

"நாலு பேரு முன்னால படிச்ச மனுசன எதுக்குக் கேவலப்படுத்தணும்னு விட்டுட்டேன். கையத்தான மறைக்காவ, ரத்தத்தக் குடுத்துட்டாவளே... ரத்தத்துல தெரிஞ்சிரும், டாக்டரம்மா கண்டுபிடிச்சிருவாவன்னு இருந்துட்டேன். நாங் கண்டேனா, ரத்தத்த விட்டுட்டுத் தாளப் பாப்பாவன்னு?"

என் மானத்தை அவள் காப்பாற்றியிருக்கிறாள்! அதற்கு அவள் கொடுத்தது... வேண்டாம். அதை நான் எழுதக்கூடாது. உங்களுக்கே தெரியும்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். கேட்க வேண்டிய கேள்வியா அது? ஆனாலும் கேட்டேன். "காப்பித் தம்ளர வாங்கும்போது பாத்தியா?"

பொன்னுத்தாய் அப்போதுதான் முதன்முறையாக என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. மறுபடி பலகையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குள் இறங்கினாள்.

"காப்பி எல்லாம் அதுக்கப்புறம்லா," என்றாள் திரும்பாமலே. "பனையேறி வம்சத்துல பொறந்துட்டு, இனி பொய் சொல்லுததுன்னா மாசம் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. தை மாசத்துல எந்தப் பனையில நொங்கு கெடந்துச்சு?"